எங்கிருந்து வந்தாய், எதனால் நோயுறுகிறாய்: எச்.எல்.ஏ. ஆய்வின் வரலாறு குறித்து எருத்தேன்பதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊராட்சி எருத்தேன்பதி. சித்தூர் வட்டம் முன்னர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. எனினும் கொச்சியின் ஏனைய நிலப்பரப்போடு ஒட்டாமல், சென்னை மாகாணத்தின் மலபார், கோயம்புத்தூர் மாவட்டங்களுக்கு நடுவே தனித்துக் கிடந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது கேரளத்துக்குள் நிலைபெற்றது. பேச்சு பெரும்பாலும் தமிழ். அரசு ஆவணங்கள் மலையாளத்தில். பெரிய மருத்துவமனை என்றால் கோயம்புத்தூர். கவுண்டர், ஈழவர், தெலுங்கு பேசும் அருந்ததியர், எரவாளர் எனப் பல சமூகத்தார் இவ்வட்டாரத்தில் தலைமுறைகளாக அருகருகே வாழ்கின்றனர். மணவுறவு மட்டும் அவரவர்க்குள்ளேயே.

இத்தகையதோர் ஊரில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் கண்டு, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடன்பிறந்தார் எவரும் பொருந்தவில்லை. பொருத்தமான அயல் கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பைக் கணிக்க வேண்டுமெனில் அக்குழந்தையை எந்த மக்கள்தொகையில் சேர்ப்பது? தமிழர் என்றா, கேரளத்தவர் என்றா, தென்னிந்தியர் என்றா, தெற்காசியர் என்றா? இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதித் தமிழர்க்கும் இதே கேள்வி பொருந்தும். இப்பெயர்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ எடுத்த ரத்த மாதிரிகள் உள்ளன. அவற்றை எடுக்கத் தூண்டிய ஒரு வினாவும் உள்ளது. அவ்வினா எவ்வாறு உருவாயிற்று என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் எச்.எல்.ஏ. பற்றிச் சுருக்கமாக. மனித வெள்ளணு ஆன்டிஜென்கள் என்று பொருள்படும் இப்பெயர், ஆறாம் குரோமோசோமில் அமைந்த ஒரு மரபணுத் தொகுதியைக் குறிக்கிறது. உடலுக்குள் புகுந்த கிருமியின் புரதத்துண்டை ஏந்தி, ‘இது அயலானது’ என்று நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பவை இம்மரபணுக்கள் உருவாக்கும் மூலக்கூறுகளே. எந்தத் துண்டை ஏந்த முடியும் என்பது அம்மூலக்கூறின் பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்தது. ஒரு வடிவம் காசநோய்க் கிருமியின் துண்டை நன்கு பற்றும்; இன்னொன்று நழுவ விடும். எனவே மனித இனம் ஒரே வடிவத்தோடு நின்றிருந்தால் ஒரு கொள்ளைநோயே அதைத் துடைத்திருக்கக்கூடும். மனித மரபணுக்களில் மிகுதியான வேறுபாடு கொண்டவை இவை. இதுவரை பெயரிடப்பட்ட எச்.எல்.ஏ. அல்லீல்கள், அதாவது மரபணு வடிவங்கள், 40 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. கிருமியிடமிருந்து காக்கும் இதே வேறுபாடுதான் உறுப்பு மாற்றத்தின்போது தடையாகிறது.

1958இல் பாரிஸில் ழான் தோசே இத்தொகுதியின் முதல் ஆன்டிஜெனைக் கண்டறிந்து ‘மேக்’ என்று பெயரிட்டார். இன்று அது எச்.எல்.ஏ.–ஏ2. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்னும் லைடனில் யான் வான் ரூடும் வேறொரு வழியில் இதே இடத்தை நெருங்கினர். பலமுறை கருவுற்ற பெண்களின் ரத்தத்தில், கருவுக்குத் தந்தைவழி வந்த ஆன்டிஜென்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருப்பதை அவர்கள் கண்டனர். இப்பெண்களின் சீரமே பின்னர் முப்பது ஆண்டுக்கால எச்.எல்.ஏ. வகைப்பாட்டின் கருவி ஆயிற்று. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது மதுரைக்கு வரும்போது விளங்கும்.

அதற்கு முன் நம் வட்டாரத்துக்கே உரிய முன்கதை ஒன்று உண்டு. பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி அரசுக்காக இனவரைவியல் கணக்கெடுப்பை நடத்தி, 1909இல் கொச்சியின் பழங்குடிகளும் சாதிகளும் பற்றிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். சித்தூர் வனப்புறத்து எரவாளர் அதில் இடம்பெறுகின்றனர். அதே 1909இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் சென்னையில் வெளிவந்தன. தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் மண்டையோட்டின் நீளத்தையும் அளந்தவர். 1928இல் பி.எஸ். குஹா, பரம்பிக்குளம் மலைக் காடர்களின் உடற்கூறுகளைக் கொண்டு இந்தியாவில் நெகிரிட்டோ இனக்கூறு உண்டென்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூவரின் வினாவும் ஏறத்தாழ ஒன்றே: இம்மக்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள்?

ரத்தம் இவ்விசாரணைக்குள் நுழைந்ததும் போரின் வழியாகவே. முதல் உலகப் போரில் மாசிடோனியப் போர்முனையில் பணியாற்றிய லுட்விக், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் இணையர் பல நாட்டுப் படைவீரர்களின் ரத்தவகையைச் சோதித்து 1919இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். பி வகை இந்தியப் படைவீரர்களிடம் மிகுந்திருந்தது. எனவே அதன் பிறப்பிடம் இந்தியாவாக இருக்கலாம் என்று கருதினர். அந்த அட்டவணையில் இந்தியர் ஒரே வரிசை. அவர்களுள் எந்த மாகாணத்தார், எந்தச் சாதியார் எத்தனை பேர் என்பதற்கு அவ்வரிசையில் இடமில்லை. ‘மக்கள்தொகை’ என்ற சொல் மரபணு ஆய்வில் எவ்வளவு தற்செயலாக உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிட்டவில்லை. படையணியில் நின்றவர் எவரோ அவரே ஒரு துணைக்கண்டத்தின் பிரதிநிதி.

எச்.எல்.ஏ. ஆய்விலும் 1972இல் பிரான்சின் எவியானில் நிறைவுற்ற ஐந்தாம் பன்னாட்டுத் திசுப்பொருத்தப் பட்டறை மானிடவியலைத் தன் பொருளாகக் கொண்டது. உலகெங்கும் குழுக்கள் சென்று ரத்தம் திரட்டின. மருத்துவத் தேவைக்காக உருவான ஒரு கருவி, மீண்டும் ‘எங்கிருந்து வந்தாய்’ என்ற பழைய வினாவுக்குப் பயன்பட்டது இங்ஙனமே.

இனி மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வி.ஆர். முத்துக்கருப்பன் வளர்த்தெடுத்த நோயெதிர்ப்பியல் மரபில், ஆர்.எம். பிச்சப்பன் எச்.எல்.ஏ. ஆய்வைத் தொடங்கினார். 1984இல் தமிழ்நாட்டின் முதன்மைக் குழுக்களின் எச்.எல்.ஏ. ஆன்டிஜென்கள் பற்றிய கட்டுரை ‘டிஷ்யூ ஆன்டிஜென்ஸ்’ இதழில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் தமிழரே தம் ஆய்வகத்தில் இவ்வேலையைச் செய்யத் தொடங்கியது தென்னிந்திய அறிவியல் வரலாற்றில் உரிய கவனம் பெறாத நிகழ்வு என்பது என் கருத்து.

அன்றைய முறை பால் டெரசாகி 1964இல் வகுத்தது. சிறு குழிகள் கொண்ட தட்டில் ஒரு மைக்ரோலிட்டர் அளவே சீரத்தை இட்டு, சோதிக்கப்படுபவரின் வெள்ளணுக்களைச் சேர்ப்பார்கள். சீரத்திலுள்ள எதிர்ப்பொருள் அணுவின் ஆன்டிஜெனை அடையாளம் கண்டால் அணு இறக்கும். இறந்த அணு சாயத்தை ஏற்கும். அந்தச் சீரங்களோ பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தாய்மார்களிடமிருந்து வந்தவை. அவர்களது கணவர்களிடம் இருந்த ஆன்டிஜென்களை மட்டுமே அவை அறியும். ஐரோப்பியர் அல்லாதாரின் அணுக்களைச் சோதிக்கும்போது எந்தக் குழியிலும் எதிர்வினை தோன்றாத ‘வெற்றிடங்கள்’ மிகுந்தன. அவ்வெற்றிடம் மரபணு இல்லை என்பதைக் காட்டவில்லை. அதைக் காணும் கண் இல்லை என்பதையே காட்டியது.

இதைவிட நுட்பமான சிக்கல், எதிர்வினை தோன்றிய இடத்தில் ஒளிந்திருந்தது. தோசே கண்ட அதே ஏ2 இந்தியர்களிடமும் பரவலாக உண்டு. சீரம் அதை ஐயமின்றி அடையாளம் காட்டும். ஆனால் டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் முறை வந்தபின் வேறொன்று புலப்பட்டது. ஐரோப்பியரின் ஏ2 பெரும்பாலும் ஏ*02:01 என்ற வடிவம். இந்தியரிடமோ ஏ*02:11 என்ற வடிவம் பெரும் பங்கு வகிக்கிறது. இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், ஏந்தும் புரதத்துண்டுகள் முற்றிலும் ஒன்றல்ல. புற்றுநோய்க்கும் தொற்றுக்கும் உருவாக்கப்படும் பெப்டைடு தடுப்பூசிகளில் மிகப் பல ஏ*02:01 வடிவத்தை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுபவை. ‘ஏ2 உள்ளவர்க்குப் பயன்படும்’ என்ற ஒரு வரியை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாமைக்கு இதுவே காரணம்.

மதுரை ஆய்வகத்தின் பணிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது காசநோய் பற்றியது. எச்.எல்.ஏ.–டி.ஆர்.2 உடையோரிடம் நுரையீரல் காசநோய் மிகுதி என்ற குறிப்பு 1983இல் டெல்லியில் என்.கே. மெஹ்ரா குழுவினரின் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்டோர் நோயுற்ற குடும்பங்களிலிருந்து, வெளிப்பட்டது. 1991இல் பிச்சப்பன் குழுவினர் தென்னிந்திய நோயாளிகளிடமும் டி.ஆர்.2 தொடர்பைக் காட்டினர். பின்னர் டி.ஆர்.2 என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிய உட்பிரிவுகளையும் பிரித்துப் பார்த்தனர். இதன் பின்னணியில் ஒரு பெரும் ஏமாற்றத்தையும் நினைவுகூர வேண்டும். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. கள ஆய்வு, ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்களை உள்ளடக்கியது. பிரிட்டனில் உயர்ந்த பாதுகாப்பு தந்த அதே தடுப்பூசி, வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை இங்குத் தடுக்கவில்லை என்று அதன் முடிவுகள் காட்டின. மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியங்களுக்கு முன்பே ஆட்பட்டிருப்பது இதற்கு முதன்மையான விளக்கமாகச் சொல்லப்படுகிறது. மரபணுவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது திறந்த வினாவாகவே நீடிக்கிறது. எவ்வாறாயினும், ஓரிடத்தில் பெற்ற நோயெதிர்ப்புச் சான்றை மற்றோரிடத்துக்கு அப்படியே பெயர்த்து நடமுடியாது என்பதைத் தமிழ் மண்ணில் நிகழ்ந்த அந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது. காசநோய் இன்றும் இங்கு ஆள்கொல்லி. அந்த வகையில் டி.ஆர்.2 ஆய்வு ‘எதனால் நோயுறுகிறாய்’ என்று ரத்தத்தைக் கேட்ட ஆய்வு.

ஆயினும் மதுரைக்குப் புகழ் வந்தது வேறு வழியில். மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தில் கண்டறியப்பட்ட எம்130 என்ற ஒய் குரோமோசோம் குறியீடு, ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியே ஆஸ்திரேலியா சென்ற தொல்மாந்தரின் தடயமாகக் கொள்ளப்பட்டது. ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் அதை உலகுக்குக் கொண்டுசென்றது. 2005இல் நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனத்தின் ஜீனோகிராபிக் திட்டம் தொடங்கியபோது, அதன் இந்திய மையம் பிச்சப்பன் தலைமையில் மதுரையில் அமைந்தது. ‘முதல் இந்தியர்’ என்ற தலைப்பைச் செய்தித்தாள்கள் விடவே இல்லை. காசநோயும் டி.ஆர்.2உம் எந்தத் தலைப்புச் செய்தியிலும் இவ்வளவு இடம் பெற்றதில்லை. வாசகர்களைக் குறைசொல்வதற்கில்லை. தொல்குடிப் பெருமை எவருக்கும் இனிக்கும். காசநோய் எவருக்கும் இனிக்காது.

நோயெதிர்ப்பு மரபணுக்களையே எடுத்துக்கொண்ட ஆய்வுகளும் இவ்வீர்ப்புக்கு விலக்கல்ல. கொல்லி அணுக்களின் ஏற்பி மரபணுக்கள், அதாவது கே.ஐ.ஆர்., எச்.எல்.ஏ. மூலக்கூறுகளோடு இணைந்து வேலை செய்பவை. வைரஸ் தொற்றிலும் கருவுறுதலிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ராஜா ராஜலிங்கம், பிச்சப்பன் முதலியோர் 2008இல் முள்ளுக்குறும்பர், காணிக்காரர், பரவர் ஆகிய மூன்று தென்னிந்தியக் குழுக்களில் இவற்றை ஆராய்ந்தனர். மலையோரம் ஒன்று, தென்கோடிக் காடு ஒன்று, கடற்கரை ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. ‘தென்னிந்தியர்’ என்ற ஒற்றைப் பெயரின் போதாமைக்கு இதுவே வலுவான சான்று. எனினும் அக்கட்டுரையின் தலைப்பே அவ்வேறுபாட்டை வரலாற்றுக்கு முற்பட்ட இடப்பெயர்ச்சிகளோடு இணைத்தது. திருவனந்தபுரம் ராஜீவ்காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் மொய்னாக் பானர்ஜி குழுவினர் கேரளப் பழங்குடிகளிடமும் பிற சமூகங்களிடமும் 2004–2006 காலத்தில் வெளியிட்ட எச்.எல்.ஏ. ஆய்வுகள் மிகுந்த தரவுச் செழுமை உடையவை. அவையும் திராவிடத் தோற்றம் என்ற வினாவையே மையமாக்கின.

காணிக்காரரைச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிடாமல் கடக்க முடியவில்லை. ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை பற்றிய அவர்களது அறிவிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமம் 1990களின் நடுவில் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டபோது, வருவாயில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்கு அளிப்பதென முடிவாயிற்று. உலகெங்கும் பயன்பகிர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிகழ்வு அது. ஆனால் 2002ஆம் ஆண்டின் இந்தியப் பல்லுயிர்ச் சட்டம் உயிரியல் வளங்களை வரையறுக்கையில் மனித மரபணுப் பொருளை வெளியே நிறுத்திவிட்டது. காட்டின் ஓர் இலைக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு, அதை அறிந்தவரின் ரத்தத்துக்கு அச்சட்டத்தில் இல்லை. ரத்தத்தைக் காப்பது ஆய்வு நெறிக்குழுக்களின் ஒப்புதல் படிவமே.

அகமணத்துக்குத் திரும்புவோம். 2017இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில், ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் கே. தங்கராஜ் உள்ளிட்டோர் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்கள், அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்து மக்களையும்விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து கிளைத்தவை என்று கண்டனர். ஒரே கிணற்றடியில் நிற்கும் இரு சமூகத்தார், எச்.எல்.ஏ. பொருத்தத்தைப் பொறுத்தவரை வெகுதொலைவில் இருக்கக்கூடும் என்பது இதன் நடைமுறைப் பொருள். உடன்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் மணம் வழக்கிலுள்ள குடும்பங்களில், பெற்றோர், சிற்றப்பன் மக்கள் வரையிலும் தேடிப் பார்ப்பது பயன் தரக்கூடும். பிற மரபுநோய்களுக்காக நாம் கண்டிக்கும் அதே வழக்கம், இந்த ஒரு தேடலில் மட்டும் சற்றே உதவுகிறது என்பது முரண்தான். குடும்பத்துக்கு வெளியே என்றால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அதே அகமணக் குழு.

அமெரிக்கப் பதிவேட்டைக் கொண்டு 2014இல் வெளியான கணிப்பின்படி, ஐரோப்பிய வழி வெள்ளையர்க்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. தென், நடு அமெரிக்கக் கறுப்பினத்தார்க்கு 16 விழுக்காடு. இந்தியாவில் 2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவேட்டின் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடையாளர் தரவைக் கொண்டு இத்தகைய கணிப்பு அதே ஆண்டு ‘லான்செட் ஹீமட்டாலஜி’ இதழில் வெளிவந்தது. எச்.எல்.ஏ. தரவு இந்தியரின் பிழைப்புக்கான வினாவுக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் இது.

உலகளாவிய தரவுத்தொகுதிகளில் நாம் யாராக இருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2002இல் வெளியிடப்பட்ட மனித மரபணுப் பன்மைத் தொகுதியில் தெற்காசியாவுக்குரிய மாதிரிகள் அனைத்தும் பாகிஸ்தானிலிருந்து எடுக்கப்பட்டவை. 2015இல் முடிவுற்ற ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில் 26 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 2,504 பேர் உள்ளனர். அதில் தமிழர் என்ற பெயரில் இருப்பவர் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். தெலுங்கரும் பிரிட்டனில் வாழ்வோரே, குஜராத்தியர் ஹூஸ்டனில். ஹிர்ஷ்ஃபெல்ட் காலத்தில் படை நின்ற இடத்தில் மாதிரி எடுத்தனர். நம் காலத்தில் புலம்பெயர்ந்தோர் நின்ற இடத்தில் எடுத்தனர். அந்த 102 பேருக்கு நாம் பெரிதும் கடன்பட்டவர்கள். அவர்களைக் கொண்டு எருத்தேன்பதி எரவாளரை ஊகிக்க முடியாது. 2025 சனவரியில் பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத்தொகைத் தரவு ஜீனோம் இந்தியா திட்டத்தால் வெளியிடப்பட்டது இந்நிலையை மாற்றத் தொடங்கியுள்ளது.

ஊகத்தின் விலை என்ன? வலிப்புக்குத் தரப்படும் கார்பமாசெபின் மருந்து, எச்.எல்.ஏ.–பி*15:02 உடையோர் சிலரிடம் தோலும் சளிச்சவ்வும் உரியும் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்கூட்டை உண்டாக்குகிறது. 2004இல் தைவானில் ஆராயப்பட்ட 44 நோயாளிகளும் இந்த அல்லீலை உடையவர்களே. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆசிய வழியினர்க்கு முன்சோதனையைப் பரிந்துரைத்தது. மருந்தின் விவரக்குறிப்பில் தெற்காசியர்க்குச் சராசரியாக 2 முதல் 4 விழுக்காடு என்றும், சில குழுக்களில் அதனினும் கூடுதல் என்றும் உள்ளது. அந்தச் ‘சில குழுக்கள்’ எவை? மலிவான இம்மருந்தைக் கிராமப்புற நோயாளிக்கு எழுதித்தரும் மருத்துவர்க்கு அந்த வரியில் விடை இல்லை. சோதனைச் செலவோ மாத்திரைச் செலவைவிடப் பன்மடங்கு. குழுவைப் பெயரிட்டால் முத்திரை குத்தியதாகும் என்ற அச்சம் நியாயமானது. பெயரிடாமல் விட்டாலும் யாரோ ஒருவரின் தோல் உரியும்.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. எல்லையோர ஊர்களின் பல சமூகத்துப் பிள்ளைகள் அங்கு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். கொடையாளர் பதிவுக்குத் தேவைப்படுவது கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு துடைப்பு மட்டுமே. பெருநகரக் கல்லூரிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் நடக்கும் முகாம்களில் ஒன்றை அங்கு நடத்தலாம். படிவத்தில் தாய்மொழி, மாநிலம் என்பவற்றோடு, அவர்களே விரும்பிச் சொன்னால், மணவுறவு கொள்ளும் வட்டம் எது என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். அத்தரவு யாரிடம் இருக்கும், எதற்கு மட்டும் பயன்படும் என்பதை அம்மாணவர்களுக்கு மலையாளத்திலும் தமிழிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.